டிரைவர் அப்டேட் போட்டேன், கணினி எழவில்லை. ஃபார்மட்தான் வழியா?

21 ஜனவரி 2025, செவ்வாய், இரவு 10.40

நேரே விஷயத்துக்கு வருகிறேன். பினாங்கு லிட்டில் இந்தியாவில் சின்ன அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதி அறிவிப்பு, கோவில் நோட்டீஸ், இந்த மாதம் முழுக்க தைப்பூசப் பேனர். டிசைன் எல்லாம் ஒரே மேசைக்கணினியில். 2019 ஆகஸ்டில் வாங்கியது, விண்டோஸ் 10.

நேற்று சாயங்காலம் வேலை ஓய்ந்த நேரம். அப்டேட் பக்கத்தைத் திறந்தால் ஆப்ஷனல் அப்டேட் என்று நான்கு டிரைவர்கள் (கணினியின் பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்கள்) வரிசையாக நின்றன. அதில் ஒன்று டிஸ்கைக் கட்டுப்படுத்தும் டிரைவர். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி நான்கையும் டிக் பண்ணினேன். ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். இன்று காலை கடையைத் திறந்த தம்பி போன் பண்ணுகிறான்: “அண்ணே, நீலமா நிக்குது.”

நீலத்திரை, சோக முகம், கீழே ‘இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்’. தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, மறுபடி நீலம். காலையிலிருந்து இதே சடங்குதான்.

பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கேட்டேன். பெட்டியைத் திறக்காமலே “ஃபார்மட், 120 வெள்ளி (ரிங்கிட்)” என்றார்கள். உள்ளே ஒன்பது பந்தல்காரர்களின் பேனர் டிசைன் இருக்கிறது. பேக்கப் மூன்று வாரத்துக்கு முந்தியது. திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடுங்கள், அப்புறம் வழி சொல்லுங்கள். கெடுத்தது டிரைவர் என்று தெரிந்த பிறகு டிரைவரை மட்டும் எடுக்க முடியாதா? வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் வீட்டையா இடிப்பார்கள்?

21 ஜனவரி, இரவு 11.55

என் பதிவின் கீழே கேட்டவர்களுக்கு மொத்தமாகப் பதில்.

விசிறி சுற்றுகிறது. மதர்போர்டின் சின்னம் வருகிறது. அதன் கீழே புள்ளிகள் வட்டமாக மூன்று நான்கு சுற்று சுற்றுகின்றன. அப்புறம்தான் நீலம். அதனால் ராம் என்கிற நினைவக அட்டையைக் கழற்றி அழிப்பான் போட்டுத் தேய்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி, தேவைப்படாது. (என் மச்சான் எல்லாக் கணினிக்கும் இந்த ஒரே வைத்தியம்தான் சொல்வான். மவுஸ் நகராவிட்டாலும் ராமைத் தேய் என்பான்.) ராம் போயிருந்தால் சின்னமே வந்திருக்காது. புள்ளிகள் சுற்றுகின்றன என்றால், போர்டிலேயே இருந்து முதலில் ஓடும் பயாஸ் தன் வேலையை முடித்து விண்டோஸ் கையில் ஒப்படைத்துவிட்டது. விண்டோஸ் பாதி எழுந்து, மீதியை டிஸ்கிலிருந்து எடுக்கலாம் என்று சொந்த டிரைவர் வழியே கை நீட்டும்போது டிஸ்க் அகப்படவில்லை. அந்த நீலத்திரைக்கு அர்த்தம் அவ்வளவுதான். நேற்றுத்தான் அந்த டிரைவரை மாற்றினேன். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதும் அண்ணன் “முதலில் சேஃப் மோடில் ஏற்றிப் பார்” என்கிறார், அதாவது அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸை எழுப்பும் முறையில். அண்ணே, டிஸ்கையே காணாத விண்டோஸுக்கு சேஃப் மோடில் மட்டும் எப்படிக் கண் தெரியும்? சேஃப் மோடும் அதே டிஸ்கிலிருந்துதானே வர வேண்டும்? திரை டிரைவர் கெட்டிருந்தால் நீங்கள் சொல்வது சரி. இது வேறு.

கறுப்புத் திரை வருகிறது என்று எழுதிய தங்கைக்கு: உங்களுடையது என் வகை இல்லை. கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி-யை (B) தட்டினால் திரை டிரைவர் ஒருமுறை புதிதாகத் தொடங்கும். முதலில் அதைச் செய்யுங்கள்.

22 ஜனவரி, புதன், காலை 6.20

தூக்கம் வரவில்லை. நாலரைக்கே கடைக்கு வந்துவிட்டேன், இன்னும் பசியாறவில்லை. எதிர்க் கோப்பிக்கடையில் நாற்காலி இறக்கும் சத்தம் கேட்கிறது.

எஃப்8 தட்டினால் மெனு வரும் காலம் விண்டோஸ் 8 வந்தபோதே போய்விட்டது. இப்போது குறுக்குவழி: புள்ளி சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இரண்டு தடவை அப்படிச் செய்தால் மூன்றாம் தடவை அதுவே பயந்துபோய்ப் பழுதுபார்க்கும் பக்கத்தைத் திறக்கும். பட்டனில்தான் அணைக்கிறேன். சுவர் சுவிட்சை நேற்றுக் காலையிலிருந்து தொடவே இல்லை, இருக்கிற உயிரும் போய்விடுமோ என்று.

உள்ளே போய்ப் பார்த்தவை:

சிஸ்டம் ரீஸ்டோர். திரும்பிப்போக ஒரு புள்ளிகூட இல்லை. ஐந்து வருடமாக அந்த வசதி அணைந்தே கிடந்திருக்கிறது, நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அப்டேட்டை நீக்கும் பக்கம். அது விண்டோஸின் மாதாந்திர அப்டேட்டைத்தான் நீக்குகிறது. டிரைவர் அதன் கணக்கில் சேராது.

ஸ்டார்ட்அப் ரிப்பேர். பத்து நிமிடம் யோசித்துவிட்டுக் கையை விரித்தது. ஏன் முடியவில்லை என்று ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பதாகச் சொல்லியது. திறந்தால் தேதி 2019 ஜனவரி 1. புதுசாக இருந்தபோது ஓடிய பழைய குப்பை போலிருக்கிறது. மூடிவிட்டேன்.

கடைசியாகக் கமாண்ட் பிராம்ப்ட், கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரை. சி டிரைவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமே இல்லை. காலி. ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கிவிட்டது, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அப்புறம்தான் உறைத்தது: இந்தப் பக்கத்துக்குள் எழுத்துகள் இடம் மாறும். நமக்கு சி என்று தெரிவது இங்கே டி ஆகவோ ஈ ஆகவோ இருக்கலாம். டி-யில் தேடினேன், என் பந்தல்காரர்கள் ஒன்பது பேரும் பத்திரமாக இருந்தார்கள்.

22 ஜனவரி, மதியம் 2.10

கோப்புகளைக் காப்பி பண்ணிக்கொண்டிருக்கிறேன். யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்: அந்தக் கறுப்புக் கமாண்ட் திரையில் நோட்பேட் என்று தட்டினால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன். வரும் சன்னல் சாதாரண ஃபோல்டர் சன்னல் மாதிரியே வேலை செய்யும். கீழே ‘எல்லாக் கோப்புகளும்’ என்று மாற்றிக்கொண்டால் படங்களும் டிசைன்களும் தெரியும். வலது கிளிக், காப்பி, யூஎஸ்பி டிரைவில் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று காட்டாது, செத்தமாதிரி நிற்கும். போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள்.

செபராங் ஜெயாவிலிருந்து எழுதிய கல்லூரித் தம்பியின் மடிக்கணினி நீலத் திரையில் ஒரு ரிகவரி எண் கேட்கிறதாம். அது பிட்லாக்கர். டிஸ்கையே பூட்டி வைத்திருக்கிறது. எண் 48 இலக்கம், ஊகிக்கும் பேச்சே இல்லை. மடிக்கணினியை முதலில் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பார், பெரும்பாலும் அங்கே சேமித்திருக்கும். அம்மா பெயரில் தொடங்கியிருந்தால் அம்மாவின் கணக்கில். அது கிடைக்கும்வரை யார் ஃபார்மட் என்றாலும் பெட்டியைக் கொடுக்காதே.

என் கணினியில் பிட்லாக்கர் இல்லை. சோம்பேறித்தனத்துக்கும் எப்போதாவது ஒரு நல்ல காலம்.

22 ஜனவரி, இரவு 11.30

டிரைவரைப் பிடுங்கிவிட்டேன். கதையைக் கேளுங்கள்.

டிஸ்ம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. எழாத விண்டோஸை வெளியிலிருந்தே அறுவை செய்யலாம். டி டிரைவைக் காட்டி, இதில் என்னென்ன வெளி டிரைவர்கள் இருக்கின்றன என்று கேட்டால் பட்டியல் போடும். ஒவ்வொன்றுக்கும் ஓஇஎம் என்று ஒரு வரிசை எண். எனக்கு 43 வந்தன. எது புதிது என்று கண்டுபிடிக்கத் தேதியைப் பார்க்கலாம் என்றால் அங்கேதான் கூத்து. ஒன்றில் 1968 ஜூலை 18 என்று இருக்கிறது. 1968இல் விண்டோஸ் ஏது, என் அப்பாவே அரைக்கால் சட்டை போட்டிருந்தார். தேடிப் படித்தேன். அது இன்டெல் நிறுவனம் பிறந்த நாள். தங்கள் சிப்செட் கோப்பு வேறு நல்ல டிரைவரை மிதித்துவிட்டு முன்னால் வந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே பழைய தேதி போடுகிறார்களாம். விண்டோஸோடு கூடவே வரும் டிரைவர்கள் எத்தனையோவற்றில் 2006 ஜூன் 21 என்றே இருக்கும், அதற்கும் இதே மாதிரி காரணம். ஆக, டிரைவர் உலகத்தில் தேதியை நம்பாதே என்று பாடம் படித்துக்கொண்டேன். (பின்குறிப்பு, 25ஆம் தேதி சேர்த்தது: இந்தப் பாடம்தான் என்னைக் கவிழ்த்தது. கீழே பாருங்கள்.)

பதிப்பு எண்ணையும் வகையையும் வைத்து ஆளைப் பிடித்தேன், 17ஆம் எண். நீக்கு என்றேன், நீக்கிவிட்டது. ரீஸ்டார்ட். சின்னம், புள்ளி, நீலம். அதே சோக முகம்.

அன்று போட்ட மற்ற மூன்றையும் நீக்கினேன். நீலம்.

டிரைவரால் ஒரு கணினி இப்படிப் படுக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் 2024 ஜூலை 19ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு சின்னக் கோப்பு. விண்டோஸின் கருவுக்குள் (கெர்னல்) உட்கார்ந்திருந்த அதன் டிரைவர் அந்தக் கோப்பைப் படிக்கப் போய் இடறி விழுந்தது. மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்கில் 85 லட்சம் கணினிகள். விமான நிலையம், வங்கி, மருத்துவமனை என்று ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு கணினி முன்னாலும் ஆள் போய் நின்று அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. டிரைவர் என்றால் சும்மா இல்லை.

23 ஜனவரி, வியாழன், இரவு 8.50

மேலே எழுதியதற்கு ஆயர் ஈத்தாம் அண்ணன் ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார்: “அந்தக் கோப்பை அழிக்க அவர்கள் எந்த மோடில் ஏறினார்கள்?”

சேஃப் மோடில்தான். தெரியும் அண்ணே. அங்கே டிஸ்க் தெரிந்தது, இங்கே தெரியவில்லை. ஒரே மருந்து எல்லா நோய்க்கும் என்றால் நீங்களும் என் மச்சானும் ஒரே கட்சி.

இன்று வேலையை மனைவியின் மடிக்கணினியில் ஓட்டினேன். திரை சின்னது, எழுத்துருக்கள் பாதி இல்லை. ஜாலான் கெபுன் பூங்கா பக்கம் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர் வந்து, பேனரில் முருகன் வேல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, நேராக வேண்டும் என்றார். ஒரு வேலை நேராக்க ஒன்றேகால் மணி நேரம். பூசம் பிப்ரவரி 11ஆம் தேதி, முதல் நாளே ரதங்கள் இரண்டும் புறப்பட்டுவிடும். அதற்குள் இந்த 29ஆம் தேதி சீனப் புத்தாண்டு. அந்த வாரம் கொம்தாரில் சாமான் வாங்கக் கடை திறந்திருக்காது, பேனர் துணி வரும் கிடங்கும் பூட்டு. எண்ணிப் பார்த்தால் கையில் நான்கு நாள்.

நாளை மதியத்துக்குள் வரவில்லையென்றால் நானே ஃபார்மட் பண்ணிவிடுவேன். கோப்புகள்தான் கையில் இருக்கின்றனவே. ஆனால் எழுத்துரு, அச்சு இயந்திரத்தின் நிற அளவுகள், ஐந்து வருடமாகச் சேர்த்த பிரஷ், எல்லாவற்றையும் மறுபடி அடுக்க மூன்று நாள் ஆகும். அதை நினைத்தால்தான்.

டிஸ்க் பயாஸில் தெரிகிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். தெரிகிறது, இன்றிரவு படம் எடுத்துப் போடுகிறேன்.

24 ஜனவரி, வெள்ளி, காலை 7.05

யாரும் சிரிக்கக் கூடாது.

நேற்று இரவு பத்து மணிக்கு எடுத்த பயாஸ் படத்தைக் குடும்ப வாட்சப்பிலும் போட்டேன், என் பாட்டைப் பாருங்கள் என்று புலம்பிக்கொண்டு. ஐந்து நிமிடத்தில் அத்தை போன். அத்தை பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் 26 வருடம் வேலை பார்த்தவர். அந்தத் தொழிற்பேட்டை 1972இல் வந்தது, அத்தை ஏழு வருடம் கழித்துச் சேர்ந்தார். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலை. கணினியை இயக்கத் தெரியாது. ஆனால் படத்தில் எந்த மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் போகவில்லை.

“ஏன்ப்பா, உன் பெட்டி இன்னும் 2019லயே இருக்கே. அதுக்கு கொரோனாவே வரலயா?”

மேல் மூலையில் தேதி: 2019 ஜனவரி 3. மணி பிற்பகல் 1.30.

“உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது செத்துப்போச்சு. கடிகாரத்துக்கு வைக்கிறதுதானே. காக்கா உட்கார பனம்பழம் விழுந்திருக்கு, நீ காக்காயைப் போட்டு அடிக்கிற.”

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். பேட்டரி செத்த போர்டு மின்சாரம் வந்ததும் 2019 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி என்று புதிதாகப் பிறக்கிறது என்று வையுங்கள். ஜனவரி 3 பிற்பகல் 1.30 என்றால் பிறந்து 61 மணி நேரம் 30 நிமிடம் ஆகியிருக்கிறது. நேற்று இரவு பத்திலிருந்து அவ்வளவு பின்னால் போனால் செவ்வாய் காலை 8.30. தம்பி கடையைத் திறந்து சுவர் சுவிட்சைப் போடும் நேரம், நிமிடம் தப்பாமல். ஜாதகம் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

புதன் காலையில் பழைய குப்பை என்று மூடினேனே, 2019 ஜனவரி 1 தேதியிட்ட கோப்பு. ஆகஸ்டில் வாங்கிய கணினியில் ஜனவரியில் எழுதிய கோப்பு எப்படி இருக்கும்? அது அப்போதுதான் எழுதிய கோப்பு.

24 ஜனவரி, பிற்பகல் 1.30

கடிகாரம் தப்பாக இருந்தால் விண்டோஸ் ஏன் எழாது என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். கடிகாரத்தால் இல்லை. அந்தப் பேட்டரி கடிகாரத்தை மட்டும் காக்கவில்லை, பயாஸில் நாம் மாற்றி வைத்த அமைப்புகளையும் அதன் தயவில்தான் பல போர்டுகள் வைத்திருக்கின்றன. அது சாக, போர்டு தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிட்டது. டிஸ்கை எந்த முறையில் நடத்துவது என்று அங்கே ஒரு அமைப்பு உண்டு: ரெய்டு (பல டிஸ்கைச் சேர்த்து ஓட்டுவதற்கானது), இல்லாவிட்டால் ஏஹெச்சிஐ (சாதாரண முறை). கணினியைக் கட்டிக்கொடுத்தவர் ரெய்டில் வைத்துவிட்டு விண்டோஸ் ஏற்றியிருக்கிறார். ஒரே ஒரு எஸ்எஸ்டி டிஸ்குக்கு எதற்கு ரெய்டு என்று அவரைத்தான் கேட்க வேண்டும். இப்போது பார்த்தால் ஏஹெச்சிஐ என்று நிற்கிறது. விண்டோஸ் ரெய்டு டிரைவரோடு கை நீட்டுகிறது, எதிரே ஏஹெச்சிஐ. டிஸ்க் அங்கேயேதான் இருக்கிறது, பேசும் பாஷைதான் மாறிவிட்டது. நீலம்.

சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். 20 சென் நாணயம் அளவில், சிஆர்2032. முழு உயிரில் 3 வோல்ட் காட்ட வேண்டும். பக்கத்து மின்சாதனக் கடை தவுக்கே (முதலாளி) தன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்: 1.9. புதிது அவரிடமே வாங்கினேன், 4 வெள்ளி. போட்டேன், தேதி மணி சரிசெய்தேன், ரெய்டுக்கு மாற்றினேன். நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு ஸ்டார்ட்.

நீலம்.

இரண்டு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் புரிந்தது. ரெய்டில் டிஸ்கோடு பேசத் தெரிந்த டிரைவரைத்தான் புதன் இரவு நானே கத்தி வைத்து எடுத்துவிட்டேனே! அதுவரை கணினியில் டிரைவர் கோளாறு எதுவும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

24 ஜனவரி, பிற்பகல் 3.15

வந்துவிட்டது. இதை அந்தக் கணினியிலிருந்தே எழுதுகிறேன்.

எப்படி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயாஸை மறுபடி ஏஹெச்சிஐக்கு மாற்றினேன். பழுதுபார்க்கும் பக்கத்தில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பட்டியலில் 4ஆம் எண்.

சேஃப் மோடு.

நேராக உள்ளே போய்விட்டது. பிறகு சாதாரணமாக ரீஸ்டார்ட் பண்ணினேன், அப்போதும் எழுந்தது. மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

ஆயர் ஈத்தாம் அண்ணனுக்கு: செவ்வாய் இரவே சொன்னீர்கள். எகத்தாளமாகப் பதில் எழுதினேன், மறுபடியும் எழுதினேன். மன்னியுங்கள். அடுத்த தடவை கடைப்பக்கம் வந்தால் நாசி கண்டார் என் கணக்கு.

25 ஜனவரி, சனி, இரவு 10.20

கணினி சும்மா இருக்கும்போது மேலே எழுதிய தப்புகளைத் திருத்திவிடுகிறேன், யாராவது அதைப் படித்து டிஸ்ம் கத்தியைத் தூக்குவதற்குள்.

டிஸ்கைக் காணாத விண்டோஸுக்கு சேஃப் மோடில் மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தேன் அல்லவா? தெரியும். விண்டோஸ் தினமும் வேகமாக எழுவதற்காக, தனக்குப் பழக்கமான ஒரு டிஸ்க் டிரைவரை மட்டும் எழுப்பிக்கொண்டு மற்றவற்றைத் தூங்க விடுகிறது. ஏஹெச்சிஐ டிரைவர் என் கணினியில் முதல் நாளிலிருந்தே இருந்தது, தூக்கத்தில். சேஃப் மோடில் தன்னிடம் இருக்கிற டிஸ்க் டிரைவர்களை எல்லாம் தட்டி எழுப்பும், எது பொருந்துகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த தடவைக்கும் அதையே நினைவில் வைக்கும். செவ்வாய் இரவே 4ஆம் எண்ணைத் தட்டியிருந்தால் பதினொரு மணிக்கு வீட்டில் படுத்திருப்பேன். பேட்டரியைப் பற்றித் தெரியாமலே பிழைத்திருப்பேன், அடுத்த வாரம் வேறு வடிவத்தில் அழுதிருப்பேன்.

ஒரு எச்சரிக்கை. உண்மையிலேயே இரண்டு மூன்று டிஸ்கைச் சேர்த்து ரெய்டு கட்டியவர்கள் என்னைப் பார்த்து ஏஹெச்சிஐக்கு மாற்றாதீர்கள். எனக்கு ஒற்றை டிஸ்க், அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் சாட்சிகள். இன்று தம்பியைக் கூப்பிட்டு, செவ்வாய் காலை சுவிட்ச் போட்டதும் என்ன வந்தது என்று கேட்டேன். “நீலம்ணே.” அதற்கு முன்னால்? “கறுப்பா என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு. எஃப்1 அமுத்தச் சொல்லிச்சு, அமுத்திட்டேன்.” அமைப்புகள் அழிந்துவிட்டன, தொடங்க எஃப்1 அழுத்து என்று போர்டு கதறியிருக்கிறது. தம்பி அமுத்திவிட்டான். ஏண்டா சொல்லவில்லை என்றால், “நீங்க நீலத்தைப் பத்திதானே கேட்டீங்க” என்கிறான். தப்பு அவனுடையது இல்லை.

இன்னொரு சாட்சி நானே. திங்கள் சாயங்காலம் டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன், காலையில் நீலம் என்று முதல் பதிவில் எழுதினேன். இடையில் நடந்ததை விட்டுவிட்டேன், மறைக்க இல்லை, மறந்தே போனேன். இன்று கைப்பேசியில் அனுப்பிய மின்னஞ்சல்களைப் பார்த்தால் திங்கள் இரவு 7.50க்கு ஒரு பந்தல்காரருக்கு டிசைன் போயிருக்கிறது, அந்தக் கணினியிலிருந்து. அதாவது புது டிரைவரோடு கணினி ஒழுங்காக எழுந்து, நான் ஒரு வேலையும் முடித்து, இடி இடிக்கிறதே என்று வழக்கம்போலச் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறேன். ஆண்டி ஊதிய சங்கு நன்றாகத்தான் ஒலித்திருக்கிறது.

டிரைவர் போட்டது பெரிய காரியம் என்பதால் மனதில் நின்றது. சுவிட்சை அணைப்பது தினமும் செய்வது, அதை யார் நினைவில் வைப்பார்கள்?

ரெய்டு டிரைவர் அப்டேட் பட்டியலில் வந்ததே அதுவரை பயாஸ் ரெய்டில் இருந்தது என்பதற்கு அத்தாட்சி, ஏஹெச்சிஐயில் இருந்திருந்தால் அதை ஏன் கொடுக்கப்போகிறது என்று கூலிம் நண்பர் ஒருவர் சொன்னார். சரிதான். குற்றவாளி என்று நான் பிடித்துக் கட்டிவைத்தவன் சாட்சிக்கூண்டில் நிற்க வேண்டியவன்.

27 ஜனவரி, திங்கள், காலை 9.40

சின்னச் சின்ன பதில்கள்.

சுவர் சுவிட்சை அணைப்பது தப்பா? தப்பில்லை. பினாங்கில் இடி விழுகிற விழுக்காட்டுக்கு நான் இன்னும் அணைக்கத்தான் செய்கிறேன். ஆனால் சுவிட்ச் போட்டிருக்கும்வரை போர்டு மின்சாரத்திலேயே கடிகாரத்தை ஓட்டிக்கொள்ளும், அணைத்தால் பேட்டரி தலையில் விழும். ஐந்தரை வருடம் தினமும் இரவு முழுக்க அதுதான் சுமந்திருக்கிறது. அணைப்பவர்கள் நான்கு ஐந்து வருடத்துக்கொரு தடவை 4 வெள்ளி செலவழியுங்கள்.

மாற்றும் முன் பயாஸ் பக்கங்களை வரிசையாகப் படம் எடுத்து வையுங்கள். பழைய அமைப்பு எது என்று நான் ஊகித்த மாதிரி ஊகிக்க வேண்டாம்.

தங்கையின் கறுப்புத் திரை: கேப்ஸ் லாக் விளக்கு எரிந்ததாம். மானிட்டர் கம்பியை போர்டில் சொருகியிருந்தார்களாம், கிராபிக்ஸ் கார்டில் சொருகியதும் வந்துவிட்டது. டிரைவர் போட்ட அன்று மேசையைத் துடைத்தாராம்.

செபராங் ஜெயா தம்பிக்கு எண் கிடைத்துவிட்டது. அம்மா கணக்கில்தான்.

13 பிப்ரவரி, வியாழன், இரவு 9.15

பூசம் முடிந்தது. ஒன்பது பேனரும் போய்ச் சேர்ந்தன, வேல் நேராக நின்றது. தங்க ரதம் 2017இல் வந்ததிலிருந்து எந்த ரதத்தின் பின்னால் போவது என்று எங்கள் வீட்டில் வருடா வருடம் சண்டை. இந்த முறை தேங்காய்ச் சிதறலில் மிதித்து மச்சானின் செருப்பு அறுந்தது. செருப்பையும் அழிப்பானால் தேய்க்கச் சொன்னேன்.

கணினி இருபது நாளாக ஒழுங்காக ஓடுகிறது. ஆயர் ஈத்தாம் அண்ணன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். இரண்டு பொட்டலம் வீட்டுக்கும் கட்டிக்கொண்டார், கணக்கு அப்படித்தான் பேசியிருந்தோமாம்.

திரையில் புதிதாக எது வந்தாலும் எதையும் அமுத்துவதற்கு முன் படம் எடுத்து அனுப்பு என்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை 14 படம் வந்திருக்கிறது. எட்டு, அச்சு இயந்திரத்தில் மை குறைகிறது என்பது. ஐந்து, விளம்பரம். இன்று காலை வந்தது கடைப் பின்கட்டு மைக்ரோவேவின் படம், மணி 12.00 என்று மின்னிக்கொண்டிருக்கிறது. கீழே எழுதியிருக்கிறான்: “அண்ணே, இதுக்கும் பேட்டரி மாத்தணுமா?”